பச்சைக் கட்டமும் கடைசி நான்கு நிமிடமும்

எனக்குப் பிறகு மேடைப் பொறுப்பை ஏற்கும் உங்களிடம் சனிக்கிழமை ஒப்படைத்த பெட்டியில் இருப்பவை: மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் பலகை ஒன்று, அதன் சாவி இரண்டு, நீளமான வயர்கள் ஆறு, கறுப்பு டேப் நான்கு சுருள், டார்ச் இரண்டு. மூன்றாவது வயரை நம்ப வேண்டாம். அசைத்தால் தொடர்பு விட்டுப்போகும். அதைத் தூக்கிப் போட நம் அமைப்பாளர் சாருக்கு மனம் வராது என்பதால் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் வைக்க முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி ‘ஓய்வு பெறுகிறேன்’ என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். வேலை ஓசூருக்கு மாறியிருக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியாது. அவ்வளவுதான். ஏழு ஆண்டுகளாகப் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை, விடுமுறை நாட்களில் நம் நாடக விழாவின் மேடைப் பொறுப்பு. இரண்டும் ஒரே வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டியல் போடு, ஒவ்வொன்றாகச் சரிபார், டிக் அடி, ஸ்விட்சைப் போடு. எஸ்டேட்டில் அது இன்றைக்கும் சரிதான்.

நம் விழா யாருக்காக என்பது உங்களுக்குத் தெரியும். வேறு எந்த மேடையிலும் கூப்பிடாதவர்களுக்காக. காது கேளாத இளைஞர்கள், திருநங்கையர், ஒப்பந்தத் தொழிலாளர்கள், அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு வரை. விளக்கை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்பதெல்லாம் மூன்று ஒத்திகையில் உங்களுக்குப் பழகிவிடும். நேரம் போதாதபோது யாருடைய நேரத்தை எடுப்பது என்பது அப்படிப் பழகாது. அதை நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பில் அடிபட்டது நான் அல்ல, தனம் அக்கா.

அப்போது நான் விழாவுக்கு வந்து இரண்டாவது வருடம். அம்பத்தூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் நடத்திக்கொண்டிருந்தோம். மண்டபத்தின் உரிமையாளர் அந்த ஞாயிறை நமக்கு இலவசமாகவே விடுவார். பதிலுக்கு அவர்தான் தலைமை விருந்தினர், அவர்தான் குத்துவிளக்கு ஏற்றுவார். ஏழு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் முகூர்த்தத்துக்குப் பூ அலங்காரக்காரர்கள் ஆறரைக்கே வாசலில் கூடைகளை இறக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வருடம் நேரம் மிகவும் இழுத்துவிட்டது என்பதால், அந்த வருடம் நான் ஒரு புதிய படிவம் தயாரித்தேன். குழுவின் பெயர், எத்தனை பேர், எத்தனை மைக், மேடையில் என்னென்ன பொருள், எத்தனை நிமிடம். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: ‘தேவைப்பட்டால் நேரத்தைக் குறைக்க முடியுமா?’ முடியும் என்றால் கட்டம் பச்சை, முடியாது என்றால் சிவப்பு. அதைத் தயாரித்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கட்டுரையாக இருக்காது.

ஒரு கல்லூரிக் குழு, முடியாது என்பதற்கு அரைப் பக்கம் காரணம் எழுதி அனுப்பியது. சிவப்பு. நகரத்திலிருந்து வந்த அனுபவமுள்ள குழு ஒரே வரியில் மறுத்தது. சிவப்பு. தனம் அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பதால் போனில் கேட்டேன். அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி எழுந்த அடுக்குமாடிகளில் வேலை செய்யும் ஐந்து பெண்கள் சேர்ந்த குழு அது. தனம் அக்காதான் அதற்குத் தலைவி. அவருடைய அப்பா அம்மா நடவு வேலை பார்த்த நிலத்தின் மேல்தான் அந்த அடுக்குமாடிகளில் ஒன்று நிற்கிறது என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். போனில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. குறைக்க முடியுமா அக்கா என்றேன்.

“பண்ணிக்கலாம்மா. எவ்ளோ வேணும், சொல்லு.”

பச்சை.

அவர்கள் நாடகத்தின் பெயர் ‘சர்வீஸ் லிஃப்ட்’, அடுக்குமாடிகளில் வேலையாட்களுக்கென்று தனியாக இருக்கும் லிஃப்ட். இருபத்திரண்டு நிமிடம். முதல் நான்கு காட்சிகளும் சிரிப்பு. மேரி என்ற பெண் வீட்டுக்கார மேடமாக வருவார். ஒத்திகையில் அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு “தனம், ஒரு நிமிஷம்” என்று சொல்வதைப் பார்த்து நானே பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். ஐந்தாவது காட்சியில் தனம் அக்கா மட்டும் மேடையின் விளிம்பில் நின்று பேசுவார். ஒத்திகையில் அதை அவர் முழுதாகச் செய்யவில்லை. “அது அன்னைக்கு வந்துடும்மா” என்று சொல்லிவிட்டார். என் தாளில் இப்படிக் குறித்துக்கொண்டேன்: ‘காட்சி ஐந்து. தனம் தனியாக. பொருள் இல்லை. அசைவு இல்லை. விளக்கு மாற்றம் இல்லை. நான்கு நிமிடம்.’

இந்தக் குறிப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லாத காட்சி, என் தாளில் காலியான காட்சியாகப் பதிவாகிவிட்டது.

விழா நாளன்று மண்டபத்து உரிமையாளர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை யாரும் எதையும் தொடங்கவில்லை; விளக்கு ஏற்றாமல் தொடங்குவது வழக்கம் இல்லை. பிறகு வாழ்த்துரை, பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் போர்த்த வேண்டும். ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. போட்டோவில் கண்ணை மூடிவிட்டால் இன்னொரு முறை.

ஐந்தரை மணிக்கு அமைப்பாளர் சார் வேர்த்து விறுவிறுத்து என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த விழாவுக்காகத் தெருத் தெருவாக அலைந்தவர். “எங்கயாவது அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்ணும்மா” என்றார். மேடையில் ‘சர்வீஸ் லிஃப்ட்’ ஓடிக்கொண்டிருந்தது. நான் தாளைப் பார்த்தேன். ஒரே ஒரு பச்சைக் கட்டம்தான் மிச்சம் இருந்தது.

நான்காவது காட்சியில் மேடமும் வேலைக்கார அம்மாவும் சர்வீஸ் லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். மண்டபமே குலுங்கியது. சிரிப்போடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடைக்கு ஆள் அனுப்பிச் சொல்லவும் இல்லை. தனம் அக்கா விளிம்புக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகி, மூச்சை உள்ளே இழுத்தார். நான் விளக்கை இறக்கினேன்.

இருட்டில் கைதட்டல் கொட்டியது. அவர் உருவம் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அறிவிப்பாளர் அடுத்த குழுவைக் கூப்பிட்டார். விளக்கை ஏற்றியபோது தனம் அக்கா, அடுத்த குழுவுக்காக நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண்மணி ஆறேழு வயதுப் பெண் குழந்தையோடு மேடைப் பக்கம் வந்தார். “சூப்பர் தனம். இவ்ளோ காமெடியா பண்ணுவியா?” என்று மனசாரப் பாராட்டினார். குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனம் அக்காவை நிமிர்ந்து பார்த்தபடி நின்றது. தனம் அக்கா அதன் கன்னத்தைத் தொட்டார். வாசலில் கார் வந்துவிட்டது, அவர்கள் கிளம்பினார்கள். அந்தச் சில விநாடிகளில் ஒரு போட்டோ எடுத்தேன். அது நன்றாகவும் வந்திருந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லோரும் இதயம் போட்டார்கள்.

புதன்கிழமை சான்றிதழ்களைக் கொடுக்க அயனம்பாக்கம் போனேன். குழாயடியில் மேரி குடம் பிடித்துக்கொண்டிருந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

“வா இன்ஜினியரம்மா. ஊரு பூரா கரெண்டு கீது, எங்க சீனுக்கு மட்டும் புடுங்கிக்குது. அது இன்னா கதை?”

நான் நேரம், மண்டபம், பூ அலங்காரக்காரர்கள் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். மேரி குடம் நிரம்பும் வரை கேட்டுவிட்டு, அந்தக் குழந்தை யார் என்று சொன்னார்.

தனம் அக்கா அந்த வீட்டில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். குழந்தை கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பகல் முழுக்க அவர் இடுப்பில்தான். குழந்தை முழுநேரப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு திங்கட்கிழமை, கேட்டில் செக்யூரிட்டி தன் கையில் இருக்கும் போனைப் பார்த்தார். வீட்டுக்காரர்கள் அனுமதித்திருந்தால் வேலையாட்களின் போட்டோ அதில் பச்சை டிக்கோடு வரும். தனம் அக்காவின் பெயரே வரவில்லை. மேலே போன் போட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் வேண்டாமாம் என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. மேடம் கெட்டவரும் இல்லை. நேரில் சொல்லக் கூச்சப்பட்டு போனில் பெயரை நீக்கிவிட்டார். குழந்தை கேட்டபோது, ஆன்ட்டி தானாகவே நின்றுவிட்டார், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். அதே அடுக்குமாடியில் வேறு வீட்டில் வேலை பார்க்கும் மேரி இதைக் கேள்விப்பட்டுத் தனம் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது காட்சி அதற்காகத்தான். கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒருத்தி, தான் வராமல் போகவில்லை என்று ஒரு குழந்தைக்குச் சொல்லும் காட்சி. தனம் அக்கா மேடத்துக்கு போனில் அழைப்பிதழ் அனுப்பி, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க என்று இரண்டு முறை கேட்டு, அவரும் வந்திருந்தார். பாப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான்கு காட்சிகளுக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்குக் கையில் இருந்த சான்றிதழ்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தனம் அக்கா அதற்குள் வேலை முடிந்து வந்துவிட்டார். மேரி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க, “உட்றீ மேரி” என்றார். “அந்தப் பொண்ணு கேட்டுது. நான்தான் பண்ணிக்கலாம்னேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சான்றிதழில் தன் பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எங்ககிட்ட யாரு இன்னா கேட்டாலும் வாயி மொதல்ல சரின்னுடும்மா. அப்பாலதான் மனசு ஓடியாரும்.”

வீட்டுக்குத் திரும்பி அந்தப் படிவத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு போட்டவர்கள் எல்லோரும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழகியவர்கள். பச்சை போட்டவர்கள் யார் யார் என்று விரலை வைத்து எண்ணினேன். தனம் அக்கா குழு, காது கேளாத இளைஞர்கள், சேக்காட்டிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளர் குழு. யாருக்காக விழா நடத்துகிறோமோ அவர்கள்தான். அவர்களிடமிருந்து எடுப்பதற்கு நான் ஒரு படிவமே தயாரித்து, அதற்கு வண்ணமும் பூசியிருந்தேன். எஸ்டேட்டில் ஒரு சோதனை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த முடிவைத் தந்தால், பலகையைக் குறை சொல்வதற்கு முன் சோதிக்கும் கருவியைப் பார்ப்போம். அதை ஞாயிற்றுக்கிழமை மறந்துபோயிருந்தேன்.

அடுத்த வருடம் அவர்களை மறுபடி அழைத்தேன். வர்றோம்மா என்றார் தனம் அக்கா. அந்தச் சரியை நான் நம்பவில்லை; நேரில் போனேன். ஏரிக்கரையில் மேரியும் அவரும் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன்: எது இல்லாமல் போனால் நீங்கள் மேடைக்கே வர மாட்டீர்கள்?

“இன்னாம்மா கேள்வி இது” என்று சிரித்தார். நான் காத்திருந்தேன். ஒரு போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“கடைசில நான் பாப்பாகூட பேசறது. அத்த எடுத்தீன்னா நான் வரல.”

“பார்ரா” என்றார் மேரி. “அக்கா வரலன்னு சொல்லுது. சீக்கிரம் எழுதிக்கோ இன்ஜினியரம்மா, மறுக்கா சொல்லாது.”

எழுதிக்கொண்டேன். ஆனால் மேடத்தின் குடும்பம் அதற்கு முந்தைய மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு புனேவுக்குப் போயிருந்தது. அது தெரிந்தும் ஏன் அந்தக் காட்சி என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஒரு வருசமா வாயிலயே நிக்குதும்மா. எங்கனா எறக்கணும்ல” என்றார்.

முந்தின வருடம் போல் ஞாயிறு மாலை விடுப்பு கிடைக்காததால், அந்த ஐந்து பெண்களும் மாலை ஐந்து மணிக்கு அடுக்குமாடிகளுக்குத் திரும்ப வேண்டும். சாயங்காலப் பாத்திரங்கள் காத்திருக்கும். அதனால் அவர்களை முதல் நாடகமாக, மூன்றேகாலுக்கு வைத்தேன். மண்டபத்து உரிமையாளர் மூன்று மணிக்கு வந்து விளக்கேற்றினால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். மூன்றரை ஆனது. அவர் பாடி மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. நான்கு மணிக்கும் அதே மேம்பாலம்தான்.

நான்கு மணிக்கு நான் மனதுக்குள் போட்ட கணக்கு இது. காத்திருந்தால் விளக்கு, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய ஐந்து ஆகிவிடும். அந்தப் பெண்கள் நாடகம் போடாமலே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குத் தாமதமாகப் போக வேண்டும். அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை; அண்ணன் வர்ற வரைக்கும் இருக்கட்டும்மா, நாங்க அடுத்த வருசம் பண்ணிக்கிறோம் என்பார்கள். தொடங்கிவிட்டால் உரிமையாளருக்கு அவமானம் ஆகலாம். மண்டபம் போகலாம்.

அமைப்பாளர் சாரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “விளக்கு ஏத்தாம எப்படிம்மா? அவர் மண்டபம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஒரு குழுவுக்காக மற்ற எல்லாக் குழுக்களின் மேடையையும் பணயம் வைக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் பதில் சொல்லிக்கிறேன் சார் என்றேன். அவர் மறுபடி பேசுவதற்குள் அரங்க விளக்குகளை அணைத்தேன். எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அந்த ஸ்விட்ச்தான். முந்தின வருடமும் அதைத்தான் பயன்படுத்தினேன்.

நான்கு காட்சிகள் சிரிப்போடு போயின. ஐந்தாவது காட்சிக்குத் தனம் அக்கா விளிம்புக்கு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பாப்பா என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். பின்வாசல் திறந்தது.

வெயில் உள்ளே விழுந்தது. வெள்ளை வேட்டிகளாகப் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் உரிமையாளர். முன்வரிசைகளில் நாற்காலிகள் உரசும் சத்தம். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அறிவிப்பாளர் மைக்கை வாயருகே கொண்டுபோவதைப் பார்த்தேன். அந்த மைக் அந்த நேரத்தில் பழுதாகிவிட்டது என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வயரைப் பிடுங்கிப் பழுதாக்கியது நான், இப்போது சொல்லலாம்.

அறிவிப்பாளர் குறுக்கிடுவார் என்பதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது மேடையில் நடந்தது. தனம் அக்கா பேச்சை நிறுத்தினார். இரண்டு கைகளும் தாமாகவே குவிந்தன. தலையைத் தாழ்த்தி, இரண்டு அடி பின்னால் நகர்ந்து, பக்கத் திரையை ஒட்டி ஓரமாக நின்றுகொண்டார். பெரியவர் வருகிறார், வழி விட வேண்டும். வருடக்கணக்கில் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டுத் திருப்பத்திலும் செய்துவந்தது. யாரும் கேட்கவே இல்லை, அவரே கொடுத்துவிட்டார்.

நான் அரங்க விளக்கைப் போட்டிருந்தால் எல்லாம் வழக்கப்படி நடந்திருக்கும். பலகையில் என் கை அங்கேதான் இருந்தது. போடவில்லை. மேடையின் விளிம்பில் அவர் நின்றிருந்த அந்தக் காலி வட்டத்தின் மேல் வெளிச்சத்தை அப்படியே வைத்தேன். ஒத்திகையில் வசனம் எடுத்துக் கொடுக்கும் மைக் என் பக்கத்தில் இருந்தது. என்ன சொல்வது என்று ஒரு பட்டியலும் என்னிடம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அக்கா, நீங்க கேட்டுக்கு வெளியில நிக்கிறீங்க.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. நடைபாதையின் நடுவில் வந்துகொண்டிருந்த உரிமையாளரும் நின்றுவிட்டார். தனம் அக்கா நிமிர்ந்து, ஓரத்திலிருந்து அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து அதற்குள் நின்றார். குவிந்திருந்த கைகளைக் கீழே இறக்கினார். நேராக நடைபாதையைப் பார்த்தார்.

“அண்ணாத்தே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஸ்கூல் வேன் வர்ற நேரம். நீங்க மறைச்சீங்கன்னா பாப்பாவுக்கு என்னைத் தெரியாது.”

யாரோ ஒருவர் சிரித்தார். அது பாதியிலேயே நின்றது. உரிமையாளர் தன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அங்கே உண்மையிலேயே வேன் வருகிற மாதிரி. பிறகு இடப் பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்து நின்றார். அவரோடு வந்த அத்தனை வேட்டிகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. காலியான நடைபாதையைப் பார்த்துத் தனம் அக்கா பேசினார்.

“பாப்பா, நானா நின்னுக்கல. ஊருக்கும் போவல. இங்கதான் கீறேன், ஏரிக்கரையாண்ட. கேட்டுல என் பேரு வரல, அதான். ஒயிட் ஷூ பால்கனில பக்கெட்டுக்குப் பின்னால காய வெச்சிருந்தேன், அம்மாவ எடுக்கச் சொல்லு. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்காத, எறும்பு கீது. காத மூடிகினு எண்ணு. நாம எண்ணுவோமே, அப்டி. பத்துக்கு மேல எனக்கு வராதுன்னு சொல்லுவேன்ல? அது பொய்யி. எனக்கு நூறு வரைக்கும் தெரியும். நீ சொல்லிக் குடுக்கறத கேக்கணும்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்.”

இன்னும் பேசினார். மொத்தம் நான்கு நிமிடம். பொருள் இல்லை, அசைவு இல்லை, விளக்கு மாற்றம் இல்லை. என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கடினமான வேலையை அந்தப் பலகையில் நான் செய்ததில்லை.

நாடகம் முடியும்வரை உரிமையாளர் சுவரோரம் நின்றபடியே இருந்தார். பிறகு மேடைக்கு வந்து விளக்கேற்றி, இரண்டே நிமிடம் பேசிவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது தனம் அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் கோபம் இல்லை, கூட இருந்தவர்களுக்குத்தான் என்று சிலர் சொன்னார்கள். எப்படியோ, அதற்கடுத்த வருடம் மண்டபம் நமக்குக் கிடைக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. போன் செய்தால் அலுவலகத்தில் அந்தத் தேதி காலி இல்லை என்றார்கள். எந்தத் தேதி கேட்டாலும் காலி இல்லை. பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கும் பாடி சமூகக்கூடத்துக்கு நாம் வந்த கதை இதுதான். அதில் ஏ.சி. இல்லை. மேம்பாலத்து லாரிகளின் ஹாரன் ஒவ்வொரு சோகக் காட்சியிலும் நடிக்கும். அமைப்பாளர் சார் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. அந்த மூன்று மாதமும் அந்தக் கூடத்துக்காக அவர்தான் அலைந்தார் என்பது பிறகு தெரிந்தது. சேக்காட்டுக் குழுவினர் புதிய கூடத்தின் சின்ன மேடையைப் பார்த்து ஏமாந்து நின்றபோது, இதற்கு நான்தான் காரணம் என்று அவர்களிடம் சொன்னேன். நீங்களும் உங்கள் முடிவுகளால் யாருக்கு என்ன போனது என்பதை அவர்களிடமே சொல்லிவிடுங்கள். அதில் பாதி பாரம் குறையும், மீதி குறையாது.

அந்த நாடகத்தின் வீடியோ என்னிடம் இருந்தது. மேடத்தின் எண்ணும் தனம் அக்காவிடம் இருந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. அந்தம்மா கஷ்டப்படும். பாப்பா பெருசாகி, என்னைத் தேடிகினு வந்தா நேர்ல சொல்லிக்கிறேன்.” பிறகு, “வரலன்னாலும் இன்னா, வாயி காலியாய்ட்சு” என்றார். முழுக்கக் காலியானதாக எனக்குத் தோன்றவில்லை.

புதிய படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இப்போது இருக்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: ‘எதைத் தொடக் கூடாது?’ அதைப் போனில் கேட்காதீர்கள், போய்க் கேளுங்கள். முதல் பதிலை எழுதாதீர்கள். துணி மடித்து முடியும்வரை இருங்கள். நேரம் போதாதபோது எடுப்பதற்கு ஒரு வரிசையும் அந்தத் தாளின் பின்புறம் இருக்கிறது. முதலில் நம்முடைய நன்றியுரை, பிறகு நம்முடைய வரவேற்புரை, பிறகு பொன்னாடைகள். நாடகங்கள் அந்த வரிசையில் இல்லை.

நன்றியுரை எப்போதும் என் பெயரில்தான் இருந்தது. அதனால் ஒருமுறைகூட அது மேடை ஏறவில்லை. அதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிவப்பு நூல் கட்டிய வயரைக்கூடக் கைவிடாத அமைப்பாளர் சாருக்கு நன்றி. கரெண்டு எங்களுக்கு மட்டும் ஏன் போனது என்று முகத்துக்கு நேரே கேட்ட மேரிக்கு நன்றி. ஓரமாக நிற்கச் சொன்னதும் நின்ற மண்டபத்து உரிமையாளருக்கு நன்றி. ஒரு வருடம் வாயிலேயே வைத்திருந்ததை எங்கள் மேடையில் இறக்கிவைத்த தனம் அக்காவுக்கு நன்றி.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பாப்பா, உனக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ பார்த்த நாடகம் அங்கே முடியவில்லை. விளக்கை இறக்கியது நான். உன் ஆன்ட்டி அப்போதும் இருட்டில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.